மணவாளன் பிடுங்கிய உமிரி

மணவாளன் கை சும்மா இராது. கிள்ளை பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் நிற்க நேர்ந்தால், சிமெண்ட் பெஞ்சுக்கு அடியில் முளைத்திருக்கும் புல்லைக் குனிந்து பிடுங்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். கல்யாணம் முடிந்து மறுவீடு போன முதல் நாளே மாமனார் வீட்டுத் தோட்டத்தில் இறங்கி கீரைப் பாத்தியில் களை எடுத்தார், எடுத்ததில் பாதி கீரை என்று அவர் மனைவி லோகநாயகி இருபத்தேழு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் அதை மறுத்ததில்லை.

நெல் விளைத்த குடும்பம். கிள்ளைக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் அவருக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஆனால் இருந்து என்ன பயன். சுனாமித் தண்ணீர் ஏறி மூன்று நாள் நின்றுவிட்டு வடிந்தபோது, தன்னிடம் இருந்த உப்பையெல்லாம் அங்கேயே விட்டுப் போய்விட்டது. உப்பை முறிக்கத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார், ஜிப்சம் போட்டார், இரண்டு மழைக்காலம் வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்கி வெளியே விட்டார். நட்ட பயிர் ஒரு சாண் வளர்ந்து மஞ்சளாகிக் கருகியது. அதற்குப் பிறகு அவர் நடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு ஜீப் வந்தது. உப்பு நிலத்துச் செடிகளை ஆராய வந்தவர்கள். ஜீப்புக்கு வழி காட்டப் போன மணவாளன் அன்றைக்கே கயிறு பிடித்தார், மறுநாள் முளை அடித்தார், மூன்றாம் நாள் வேலையில் சேர்ந்துவிட்டார். கயிறு பிடிப்பது, முளை அடிப்பது, சேற்றைப் பையில் அள்ளி எண் எழுதிக் கட்டுவது, கன்று நடுவது, எண்ணுவது. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கல்லூரியில் ஒன்பது பேர் ஆராய்ச்சி முடித்து டாக்டர் ஆனார்கள். ஒன்பது பேருடைய முழங்காலும் சேற்றில் புதைந்தபோது கை கொடுத்து இழுத்தது மணவாளன்தான். உப்பு பார்க்கும் கருவியைக் கண்ணில் வைத்து எண் சொல்வார். கருவி இல்லாத நாளில் ஒரு துளி மண்ணை நாக்கில் வைத்துக்கொண்டு எண் சொல்வார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பத்தாவதாக வந்தவள் இளமதி. பண்ருட்டிக்காரி. அப்பா பலாப்பழ மண்டியில் லோடு ஏற்றுகிறவர்; வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள்தான். அலையாத்திக் காட்டுக் கண்டல் மரம் ஓடைக்கரையை விட்டு எவ்வளவு தூரம் தள்ளி வளரும் என்பது அவளுடைய கேள்வி. ஓடையிலிருந்து வெட்டிய வாய்க்காலை ஒட்டி ஆறு கட்டம், வாய்க்காலிலிருந்து அறுபது மீட்டருக்கு அப்பால், மண் ரோட்டுப் பக்கம் ஆறு கட்டம் என்று பன்னிரண்டு பிளாட் போட்டாள். ஒவ்வொன்றிலும் ஐம்பது கண்டல் கன்று. வாய்க்காலை ஒட்டிய பிளாட்டுகளில் அலைநீர் தினம் ஏறி இறங்கும். தூரத்து ஆறிலும் தரையெல்லாம் உமிரி. உப்பு மண்ணில் தானாக வருகிற, முழங்கால் உயரத்துக்குக் குறைவான, தண்ணீர் கோத்த இலைகளுள்ள செடி. சில வீடுகளில் கீரையாகவும் சமைப்பார்கள். அந்த உமிரிக்கு நடுவேதான் மணவாளன் குழி தோண்டிக் கன்று வைத்தார். வைக்கும்போதே கை அரித்தது. பயிருக்கு நடுவே இப்படிக் கண்ட செடியும் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குப் பயிற்சி இல்லை.

முதல் கோடை வந்தது. ஏப்ரலில் பணம் கொடுக்கிற இடத்திலிருந்து ஒரு கமிட்டி வந்து பார்க்கப்போவதாகச் சேதி. இளமதி தன் அக்கா கல்யாணத்துக்காகப் பண்ருட்டியில் இருந்தாள். அங்கிருந்தே போன் செய்தாள்.

"அண்ணா, பெரியவங்கள்லாம் வராங்க. எடத்த கொஞ்சம் சுத்தமா வச்சிடுங்க."

"நீங்க கவலப்படாதீங்க மேடம். கண்ணாடி மாதிரி வச்சிடுறேன்."

வைத்தார். இரண்டு காலை நேரம் குனிந்த முதுகு நிமிராமல், ரோட்டிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற நான்கு பிளாட்டிலும் உமிரியை வேரோடு பிடுங்கினார். ஏழு, எட்டு, பத்து, பன்னிரண்டு. ஒன்பதும் பதினொன்றும் புதருக்குப் பின்னால் இருந்தன. அங்கே யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். ஊரிலிருந்து திரும்பிய இளமதி சுத்தமான தரையில் கன்றுகள் வரிசை பிடித்து நிற்பதைப் பார்த்து, "சூப்பர் ணா," என்று போட்டோ எடுத்தாள். கமிட்டியும் தலையாட்டிவிட்டு இளநீர் குடித்துப் போனது.

ஜூன் முடிவதற்குள் அந்த நான்கு பிளாட்டிலும் கன்றுகள் செத்தன. ஐம்பதில் ஆறு, நான்கு, ஒன்பது, மூன்று என்று மிஞ்சின. ஒன்பதாம் பிளாட்டிலும் பதினொன்றிலும் முப்பத்தைந்துக்கு மேல் உயிரோடு நின்றன. வாய்க்கால் ஓரத்தில் எல்லாமே நன்றாக இருந்தன. மழைக்குப் பிறகு உமிரி விதையிலிருந்து மறுபடி முளைத்துத் தரையை மூடிக்கொண்டது. பிடுங்கிய அடையாளமே இல்லை. இளமதி மாதாமாதம் நிரப்பிய படிவத்தில் உப்புக்கு இடம் இருந்தது, ஈரத்துக்கு இருந்தது, கன்றின் உயரத்துக்கு இருந்தது. உமிரிக்கு இடம் இல்லை. அது யாருக்கும் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை, மணவாளனுக்கும் தோன்றவில்லை. களை எடுத்ததால் பயிர் சாகும் என்று எந்த விவசாயி நினைப்பான்?

இளமதி மூன்று வருஷக் கணக்கையும் வைத்து எழுதி முடித்தாள். வாய்க்காலிலிருந்து அறுபது மீட்டருக்கு அப்பால் கண்டல் நடுவது வீண். இதுதான் அவள் கண்ட முடிவு. ஒன்பதும் பதினொன்றும் பிழைத்ததற்கு, அந்த இரண்டும் கொஞ்சம் பள்ளமாக இருக்கலாம் என்று ஒரு வரி எழுதினாள். அடுத்த வருஷம் எங்கே நடுவது, எந்த நிலத்தை விட்டுவிடுவது என்று திட்டம் போடுகிறவர்கள் இந்த அறுபது மீட்டரைத்தான் கையில் எடுத்துக்கொள்ளப்போகிறார்கள் என்று கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். இளமதிக்குப் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் வேலையும் உறுதியானது. ஜூனுக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். அவள் முதலில் ஜாங்கிரி கொடுத்தது மணவாளனுக்குத்தான்.

அந்த மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணவாளன் தன் நிலத்துக்குப் போனார். வருஷா வருஷம் போகிறதுதான். விளையாத நிலமானாலும் புதர் மண்ட விடக் கூடாது, 'மணவாளன் நெலத்த வுட்டுட்டான்' என்று ஒருவன் வாயில் வந்துவிடக் கூடாது என்பது அவருடைய ரோஷம். மழைக்குப் பின் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும் உமிரியை ஒன்று விடாமல் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு வருவார். பக்கத்து நிலம் கோவிந்தசாமியுடையது. சுனாமிக்கு அடுத்த வருஷமே அந்த ஆள் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டார். நிலத்தை எட்டியும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மணவாளனுக்கு வயிறு எரியும். நிலத்தை இப்படியா போடுவான் மனுஷன்!

அன்றைக்கு அந்தத் தரிசாகப் போட்ட நிலத்தில் யாரோ கட்டிய இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆடு உமிரியைத் தின்னாது, பிறகு எதை மேய்கிறது என்று எட்டிப் பார்த்தார். உமிரி அங்கங்கேதான் இருந்தது. இடையில் புல் படர்ந்திருந்தது. ஓரத்தில் கோரை நின்றது. இந்தப் பக்கம் அவருடைய இரண்டு ஏக்கர் வெயிலில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடந்தது. நடுவே ஒரு முழ அகலத்துக்கு ஒரே வரப்பு. இரண்டிலும் ஏறியது அதே தண்ணீர், அதே நாளில்.

அவர் வரப்பைத் தாண்டிப் போய் ஒரு உமிரியை விலக்கிப் பார்த்தார். அடியில் மண் ஈரமாக, நிழலாக, கறுப்பாக இருந்தது. ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். திரும்பி வந்து தன் நிலத்து மண்ணை வைத்தார். துப்பினார். நாக்கை நம்பாமல், பையிலிருந்த கருவியை எடுத்து, இரண்டு பக்கத்துச் சேற்றையும் துணியில் பிழிந்து பார்த்தார். கோவிந்தசாமி நிலத்தில் உப்பு இருபத்து நான்கு. அவருடையதில் அறுபத்தொன்று.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். விஷயம் பெரிய விஷயமில்லை, மூடியில்லாத பாத்திரத்தில் தண்ணீர் சீக்கிரம் வற்றும் என்பது எந்த வீட்டிலும் தெரிந்ததுதான். தரையை மூடியிருந்த செடியைப் பிடுங்கினால் வெயில் நேராக மண்ணில் விழும். ஈரம் ஆவியாகும், கீழே இருக்கிற உப்பு மேலே வந்து நிற்கும். பதினெட்டு வருஷம் ஆராய்ச்சிக்காரர்களுடன் திரிந்தும், சொந்த நிலத்தின் மூடியை வருஷம் தவறாமல் தன் கையாலேயே திறந்து வைத்திருக்கிறார். கோவிந்தசாமி ஒன்றுமே செய்யாமல் சர்க்கரை ஆலையில் உட்கார்ந்து தன் நிலத்தைக் காப்பாற்றிவிட்டார். மணவாளனுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஏழும் எட்டும் பத்தும் பன்னிரண்டும் நினைவுக்கு வந்தன. இந்தத் தடவை வந்தது பயம்.

வீட்டுக்கு வந்து லோகநாயகியிடம் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ புடுங்குனது யாருக்காச்சும் தெரியுமா மாமா?"

"தெரியாது."

"அப்ப வுடு. அந்தப் பொண்ணு புஸ்தகத்த அட்ட போட்டு குடுத்தாச்சு. வேல கெடச்சிருக்குது. அவுங்க அப்பா மூட்ட தூக்குற ஆளு. நீ போயி இத்த சொன்னா அது கதி என்னா ஆவறது? நம்ம நெலம் போனது போச்சு, அவ வாழ்க்கையையும் ஏன் கெடுக்கற?"

நியாயமான பேச்சு. மணவாளன் ஒத்துக்கொண்டார். ஆனாலும் மறு வாரம் இரண்டு தடவை இளமதியின் அறை வாசலில் போய் நின்றார். ஒரு தடவை அவள் போனில் இருந்தாள். இன்னொரு தடவை, "என்னா ணா?" என்று நிமிர்ந்து பார்த்தாள். "வைவாக்கு எத்தினி பேருக்கு டீ சொல்லணும் மேடம்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

வைவா என்கிற அந்த வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். பட்டத்துக்கு முன்னால் ஆராய்ச்சி மாணவர் மேடையில் நின்று பேச வேண்டும். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கேள்வி கேட்பார். கடைசியில், "பொதுமக்களில் யாரும் கேள்வி கேட்கலாம்" என்று அறிவிப்பார்கள். பொதுமக்கள் என்று யாரும் வருவதில்லை. ஜூனியர் மாணவர்கள் இரண்டு பேர் முந்தின நாளே சொல்லிக்கொடுத்த கேள்வியை எழுந்து கேட்பார்கள், அவ்வளவுதான். பிறகு கேசரி, போண்டா, டீ. ஒன்பது வைவாவில் அந்த டீயைத் தூக்கியவர் மணவாளன். பத்தாவதிலும் டிரேயோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார்.

இளமதி நன்றாகப் பேசினாள். திரையில் படங்கள் மாறின. ஓர் இடத்தில் அவள் எடுத்த போட்டோ வந்தது: சுத்தமான தரை, வரிசையாகக் கன்றுகள், ஓரத்தில் ஏழு என்று எழுதிய பலகை. வெளியூர்ப் பேராசிரியர், வெள்ளை முடியுள்ள ஓர் அம்மா, ஒன்பதும் பதினொன்றும் ஏன் பிழைத்தன என்று கேட்டார். அவை கொஞ்சம் பள்ளம் என்றாள் இளமதி. மணவாளனுக்கு இங்கிலீஷ் முழுதாகப் புரியாது, ஆனால் இத்தனை வருஷத்தில் பழகிய சொற்கள் புரியும். பள்ளம் இல்லை. ரசமட்டக் குழாயைப் பிடித்துத் தரையின் மேடு பள்ளத்தை அளந்தவர் அவர்தான். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, அப்படியானால் அறுபது மீட்டருக்கு அப்பால் உள்ளதெல்லாம் வேஸ்ட் லேண்ட், விட்டுவிடலாமா என்று கேட்டார். ஆமாம் என்றாள் இளமதி. கிள்ளையிலிருந்து கடற்கரை வரை அந்த அறுபது மீட்டருக்கு அப்பால் யார் யாருடைய நிலம் இருக்கிறது என்பது அந்த அறையில் மணவாளனுக்கு மட்டும்தான் தெரியும். அவருடைய இரண்டு ஏக்கரும் அதில் அடக்கம்.

"பொதுமக்களில் யாருக்காவது கேள்வி உண்டா?"

ஜூனியர் ஒருத்தி எழுந்திருப்பதற்குள், "நான் ஒண்ணு சொல்லணுங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். இளமதியின் வழிகாட்டி, பேராசிரியர் சுப்பிரமணியன், சிரித்துக்கொண்டே, "என்ன மணவாளன், டீ பத்தலையா?" என்றார். அறையே சிரித்தது. மணவாளன் டிரேயை நாற்காலியில் வைத்தார்.

"அந்தப் படத்துல தரையப் பாருங்க. உமிரி இல்ல. நான்தான் புடுங்குனேன். கமிட்டி வருதுன்னு சுத்தம் பண்ணேன். ஏழு, எட்டு, பத்து, பன்னெண்டு. ஒம்போதும் பதினொண்ணும் பொதருக்குப் பின்னால கெடந்துச்சு, வுட்டுட்டேன். அதான் பொழச்சுது. பள்ளம்லாம் இல்லைங்க. தூரத்தால சாவல. என்னால செத்துது."

சிரிப்பு நின்றுவிட்டது. சுப்பிரமணியன் முகம் சிவந்து, "இதெல்லாம் இப்ப பேசற விஷயமா?" என்றார். வெளியூர் அம்மாவுக்கு யாரோ இங்கிலீஷில் சொன்னார்கள். அவர் இளமதியைப் பார்த்தார்.

இளமதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தப்பித்துக்கொள்ள எல்லா வழியும் திறந்திருந்தது. எழுத்தில் ஆதாரம் இல்லை, கூலி ஆள் மூன்று வருஷம் கழித்துச் சொல்கிற பேச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அறையில் ஒருத்தரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். மணவாளனும் கேட்டிருக்க மாட்டார்.

"நாலுலயும் வேரோடவா ணா?" என்று கேட்டாள்.

"வேரோடதான் மேடம்."

அவள் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, அறுபது மீட்டர் பற்றிய நான்காம் அத்தியாயத்தின் முடிவு நிற்காது என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்த நான்கு பிளாட்டையும் சுத்தம் செய்யச் சொன்னது தான்தான் என்றும், ஊரிலிருந்து வந்து பார்த்தபோது தரையில் செடி இல்லாததைக் கவனிக்காமல் போட்டோ எடுத்தவளும் தான்தான் என்றும் சேர்த்துச் சொன்னாள். பாதியில் நிறுத்தவில்லை.

ஒரு கோடை முழுக்கப் புதிதாக நட்டு, அளந்து, அத்தியாயத்தைத் திருத்தி எழுதிய பிறகே பட்டம் என்று முடிவாயிற்று. கேசரியை யாரும் தொடவில்லை. புதுச்சேரிக் கல்லூரி ஜூன் வரை காத்திருந்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. சுப்பிரமணியன் ஒரு மாதம் மணவாளனோடு பேசவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை, ஏனென்றால் அந்தச் சேற்றில் முளை அடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. லோகநாயகி மட்டும் நிறையப் பேசினாள். அதில் பாதியை இங்கே எழுத முடியாது.

அறுபது மீட்டருக்கு அப்பால் புதிதாகப் பன்னிரண்டு பிளாட் போட்டார்கள். ஆறில் உமிரியைப் பிடுங்க வேண்டும், ஆறில் விட வேண்டும். படிவத்தில் உமிரிக்கு ஒரு பத்தி ஏறியிருந்தது. "புடுங்குங்க ணா, நான் எழுதிக்கறேன்," என்றாள் இளமதி. சாகும் என்று தெரிந்தே பிடுங்குவது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஒரு பிளாட் முடிக்க அரை நாள் ஆயிற்று. அந்தக் கோடை முழுவதும் அவள் அவரிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். கோபமாகப் பேசவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, சாப்பாட்டு நேரத்தில் ஊறுகாயை இந்தப் பக்கம் நகர்த்தவும் செய்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று மணவாளனுக்கு இருந்தது. திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

ஆகஸ்டில் கடைசி எண்ணிக்கை. பிடுங்கிய பிளாட்டுகளில் ஐம்பதுக்கு எட்டு, ஐந்து, பதினொன்று என்றுதான் நின்றன. உமிரியை விட்ட பிளாட்டுகளில் இலைகளை விலக்கி விலக்கிக் கன்றைத் தேட வேண்டியிருந்தது. எண்ணியவரை எல்லாவற்றிலும் முப்பத்தைந்துக்கு மேல். அவர் குனிந்து எண்ணிச் சொல்லச் சொல்ல அவள் நின்றபடி எழுதிக்கொண்டு வந்தாள். கணக்கு அவர் சொன்னபடியே வந்தது. பத்தாவது பிளாட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தவர் அடுத்ததற்குப் போகாமல் நின்றார்.

"வேல போச்சே மேடம் ஒங்களுக்கு," என்றார். "என்னாலதான."

இளமதி எழுதுவதை நிறுத்தவில்லை.

"ஆமா ணா. போச்சு," என்றாள். பக்கத்தைத் திருப்பி, மேலே பதினொன்று என்று எண் போட்டுக்கொண்டாள். "அடுத்தத எண்ணுங்க."

மணவாளன் பதினொன்றில் இறங்கி, உமிரி மிதிபடாமல் கால் வைத்து, முதல் வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினார். நாற்பத்தொன்று இருந்தது. சத்தமாகச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.